ஆன்ட்லர் ரன்டைம் ஜார் இல்லாமல் ஓடாதா? எந்த வெர்ஷனைப் பூட்டுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வாடிக்கையாளர்கள் எழுதும் வடிகட்டி விதிகளைப் படிக்க, ஒரு ஜாவா சர்வீஸுக்குள் ஆன்ட்லர் 4.9.3 (கிராமர் எனப்படும் இலக்கண விதிகளைக் கொடுத்தால், உரையைப் படிக்கும் பார்சர் நிரலை ஜெனரேட் செய்யும் கருவி) கொண்டு சின்னதாக ஒரு மொழி செய்திருக்கிறீர்கள். இரண்டு வருடம் சத்தமில்லாமல் ஓடியது. ஸ்பிரிங் பூட் 3-க்கு மாறிய பிறகு, சர்வீஸ் எழும்பும்போதே ‘ஏடிஎன் வெர்ஷன் 3-ஐப் படிக்க முடியவில்லை, எதிர்பார்த்தது 4’ என்று விழுகிறது. பார்சரைத்தான் ஜெனரேட் செய்தாயிற்றே, அது ஓடும்போது தேடும் துணை லைப்ரரியான இந்த ரன்டைம் ஜாரையே தூக்கிவிட முடியாதா? முடியாதென்றால் எந்த வெர்ஷனில் பூட்டி வைப்பது? லைசன்ஸ் விஷயத்தில் பயப்பட ஏதாவது உண்டா? முக்கியமாக நீங்கள் கேட்டது இந்த மூன்றுதான்; பைத்தானிலும் ஓட்ட உத்தேசம் என்றும், புரொடக்ஷனில் கவனிக்க வேறென்ன என்றும் கூடவே எழுதியிருந்தீர்கள். ஆனால் எனக்குத் தெரிந்தவரை இதற்குள் ஒரே கேள்வி இருக்கிறது: ஒரு புராஜெக்ட்டுக்குள் இரண்டு பேர் அதே ரன்டைமை வெவ்வேறு வெர்ஷனில் கேட்டால், முடிவு செய்வது யார்? இப்போது அதை உங்கள் பில்ட் கருவி உங்களைக் கேட்காமலே முடிவு செய்கிறது. சிக்கல் அங்கேதான்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: தூக்க முடியாது. ஜெனரேட் ஆன ஜாவா கோப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் கிராமரின் ஒவ்வொரு விதிக்கும் ஒரு மெத்தட் இருக்கும். எந்தக் கிளையில் போவது என்று முடிவு செய்ய வேண்டிய இடங்கள் பலவற்றில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். அது ரன்டைமிடம் ‘இந்த இடத்தில் எந்தக் கிளை?’ என்று கேட்டு, வரும் எண்ணை வைத்து நகரும். கோப்பின் அடியில் படிக்கவே முடியாத ஒரு நீளமான சரம் கிடக்கும். அதுதான் ஏடிஎன். உங்கள் கிராமரை நிலைகளும் அம்புகளுமான ஒரு வரைபடமாக வரைந்து, அதைச் சுருட்டி அடைத்து வைத்திருக்கிறார்கள். பார்சர் கிளாஸ் முதன்முதலில் லோட் ஆகும்போது ரன்டைம் இந்தச் சரத்தை விரித்து மறுபடி வரைபடமாக்குகிறது. யோசிக்கிற வேலை முழுவதும் ரன்டைமில் நடக்கிறது. உங்கள் கோப்பில் இருப்பது வரைபடமும் அழைப்புகளும் மட்டும்.

எல்லா பார்சர் ஜெனரேட்டரும் இப்படி இல்லை, அதனால்தான் உங்களுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கும். பைசனை எடுத்துக்கொண்டால், அது அட்டவணைகளையும் அவற்றை ஓட்டும் எலும்புக்கூட்டு நிரலையும் சேர்த்து ஒரே சி கோப்பில் கொட்டிவிடும். தனியாக லைப்ரரி என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஜாவாசிசியும் தனக்கு வேண்டிய துணைக் கிளாஸ்களைத் தானே எழுதிக் கொடுத்துவிடும். ஆன்ட்லர் 4 வேறு பாதையில் போனதற்குக் காரணம் அதன் அல்காரிதம். மூன்றாம் தலைமுறை வரை கிராமரைப் பற்றிய ஆராய்ச்சி முழுவதும் ஜெனரேட் செய்யும் நேரத்திலேயே நடந்துவிடும். அதற்குப் பிடிக்காத கிராமரைக் கொடுத்தால் அப்போதே திட்டும். 2013-ல் வந்த நான்காம் தலைமுறையில், ஆன்ட்லரை உருவாக்கிய டெரன்ஸ் பார் அந்த ஆராய்ச்சியை உள்ளீட்டைப் படிக்கும் நேரத்துக்குத் தள்ளினார். கண்ணுக்கு முன்னால் இருக்கும் டோக்கன்களை (உள்ளீட்டின் சொல் துண்டுகளை) வைத்து, தேவைப்படும்போது மட்டும் ஆராய்ந்து, கண்டுபிடித்ததை ஒரு டிஎஃப்ஏ கேஷில் போட்டு வைத்துக்கொள்ளும். அதனால்தான் இடப்பக்கம் தன்னையே அழைக்கும் விதிகளைக்கூட, அந்த அழைப்பு நேரடியாக இருக்கும்வரை, முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை, கூடவே வரும் சுமார் 300 கேபி ரன்டைம் ஜார். எனக்கு இது நியாயமான விலையாகத்தான் படுகிறது.

ஆக, ஜெனரேட் ஆன நிரலும் ரன்டைமும் இரண்டு தனிப் பொருட்கள் இல்லை. அம்மியும் குழவியும் மாதிரி, சேர்த்துக் கொத்திய ஜோடி. அதில் ஒன்றை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பது எந்த வெர்ஷனிலிருந்து எதற்கு மாற்றினீர்கள் என்பதைப் பொறுத்தது. 4.7-ல் ஜெனரேட் செய்ததை 4.9 ரன்டைமில் ஓட்டினால் ‘கருவியின் வெர்ஷனும் ரன்டைம் வெர்ஷனும் பொருந்தவில்லை’ என்று ஸ்டாண்டர்ட் எரரில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். வேலை பெரும்பாலும் நடக்கும். 4.9-க்கும் 4.10-க்கும் நடுவில் இருப்பது அப்படியல்ல. 2022-ல் வந்த 4.10-ல் ஏடிஎன்னைச் சுருட்டி வைக்கும் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். பழைய வடிவம் 3, புதியது 4. ஒன்றின் சரத்தை மற்றொன்றின் ரன்டைம் விரிக்காது, எந்தத் திசையிலும். 4.10 முதல் 4.13 வரை வடிவம் அதே 4-தான், அதனால் அந்த வட்டத்துக்குள் நகரும்போது இந்தக் குறிப்பிட்ட விபத்து நேராது. இதுவரை சொன்னதெல்லாம் உறுதியானது. ஜெனரேட் ஆன நிரலையும் ரன்டைமின் நிரலையும் படித்தே சரிபார்த்துவிடலாம்.

இனி வருவது ஊகம், உங்கள் பில்ட் கோப்பை நான் பார்க்கவில்லை. நீங்கள் பில்டுக்கு கிரேடில் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி நினைக்க உங்கள் பிழைச் செய்தியே காரணம். இன்னொரு பில்ட் கருவியான மேவனில் ஒரு டிபெண்டன்சி (சார்ந்திருக்கும் லைப்ரரி) இரண்டு வெர்ஷனில் வந்தால், உங்கள் புராஜெக்ட்டுக்கு மிக அருகில் இருப்பது ஜெயிக்கும். நீங்கள் ரன்டைம் 4.9.3-ஐ நேரடியாக எழுதியிருந்தால் அதுவே நின்றிருக்கும். அப்போது உங்கள் பார்சர் நன்றாக ஓடி, ஸ்பிரிங் பூட்டோடு வரும் டேட்டாபேஸ் லைப்ரரியான ஹைபர்னேட் விழுந்திருக்கும் (அதுவும் ஆன்ட்லரைப் பயன்படுத்துகிறது), செய்தியும் ‘வெர்ஷன் 4, எதிர்பார்த்தது 3’ என்று தலைகீழாக வந்திருக்கும். கிரேடில் அப்படிப் பார்ப்பதில்லை, எது பெரிய எண்ணோ அதை எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு 3 வந்து 4 எதிர்பார்க்கப்பட்டதால், புதிய ரன்டைம் ஜெயித்திருக்கிறது. மேவனிலும் இது நடக்கலாம்: ரன்டைமை நேரடியாக எழுதாமல் வேறொரு மாட்யூல் வழியாக இழுத்துக்கொண்டிருந்தால், அல்லது தாய்க் கோப்பில் யாராவது வெர்ஷனை மாற்றியிருந்தால். எதுவென்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் புதிய ரன்டைமைக் கொண்டுவந்தது ஹைபர்னேட் 6-ஆகத்தான் இருக்கும். ஹைபர்னேட் 5 வரை தன் வினவல் மொழியைப் படிக்க ஆன்ட்லர் 2.7.7-ஐ வைத்திருந்தது. 2-க்கும் 3-க்கும் 4-க்கும் ஜாவா பேக்கேஜ் பெயர்களே வேறு வேறு. அதனால் ஒரே கிளாஸ்பாத்தில் மூன்றும் ஒன்றையொன்று இடிக்காமல் குடியிருக்கும். நீங்கள் இரண்டு வருடம் நிம்மதியாக இருந்ததன் ரகசியம் இதுவே. ஹைபர்னேட் 6, ஆன்ட்லர் 4-க்கு மாறியது. ஸ்பிரிங் பூட் 3-உடன் வருவது 4.10 அல்லது அதற்குப் பிந்தைய ரன்டைமைக் கேட்கும். 4.9-க்கும் 4.10-க்கும் பேக்கேஜ் பெயர் ஒன்றுதான் என்பதால் இரண்டில் ஒன்றுதான் உள்ளே நிற்க முடியும். வடிவத்தை உடைக்கும்போது பெயரையும் மாற்றியிருக்க வேண்டும், அல்லது 5 என்றாவது எண் போட்டிருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் ஒரு குறை உண்டு. ஆனால் அந்தத் திட்டத்தில் முதல் எண் மாறுவது என்றால் எல்லாவற்றையும் திருப்பி எழுதுவது என்று பொருள், அவர்கள் பக்கமும் புரிகிறது.

கிரேடிலில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ‘பில்டில் ஒரே வெர்ஷன்தானே எழுதியிருக்கிறேன், எப்படி இரண்டானது?’ என்று எல்லோரும் தலையைச் சொறிவது இங்கேதான். கிரேடிலின் ஆன்ட்லர் பிளக்இன், நிரலை ஜெனரேட் செய்யும் கருவிக்கென்று தனியாக ஒரு டிபெண்டன்சி தொகுப்பு வைத்திருக்கிறது. அது தனியாகவே வெர்ஷனை முடிவு செய்யும், ஹைபர்னேட் என்று ஒருவர் இருப்பதே அதற்குத் தெரியாது. அதனால் ஜெனரேட் செய்வது 4.9.3. ஓடும் நேரத்துத் தொகுப்பில் ஹைபர்னேட்டும் சேர்ந்துவிடுவதால் அங்கே ரன்டைம் மேலே ஏறிவிடுகிறது. நீங்கள் ஒரு வரிதான் எழுதினீர்கள், அது இரண்டு இடத்தில் இரண்டு விதமாகத் தீர்ந்துவிட்டது. போதாக்குறைக்கு, அந்த பிளக்இன் கருவியின் ஜாரையே உங்கள் புராஜெக்ட்டின் வெளிப்புற டிபெண்டன்சியாகவும் கசியவிடும். கருவியோடு யூனிகோட் வேலைக்கான ஐசியூ லைப்ரரியும் சேர்ந்து வரும், அது மட்டுமே 10 எம்பிக்கு மேல். கருவிக்கு ஒரு ஜார், ரன்டைமுக்கு வேறு ஜார். சர்வரில் இருக்க வேண்டியது ரன்டைம் மட்டுமே. மேவன்காரர்களும் இந்த இரண்டின் பெயரைக் குழப்பி, கருவியையே டிபெண்டன்சியாகப் போட்டுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, என்ன செய்வது? உங்கள் நிலைமையில் என் பதில் எளிது. ஹைபர்னேட் எந்த ரன்டைமைக் கேட்கிறதோ அதே வெர்ஷன் கருவியைக் கொண்டு உங்கள் கிராமரை மறுபடி ஜெனரேட் செய்யுங்கள். கிராமர் உங்கள் கையில் இருக்கிறது, ஹைபர்னேட்டின் கிராமர் உங்கள் கையில் இல்லை. எதை நம்மால் மறுபடி செய்ய முடியுமோ, அதுதான் வளைந்து கொடுக்க வேண்டும். எதிர்த்திசையில், ரன்டைமை 4.9.3-ல் வலுக்கட்டாயமாகப் பூட்டினால் உங்கள் பார்சர் எழுந்துவிடும், ஹைபர்னேட் படுத்துவிடும். கருவி 4.10-லிருந்து ஜாவா 11 கேட்கும், ரன்டைமுக்கு ஜாவா 8 போதும். ஸ்பிரிங் பூட் 3-க்கே ஜாவா 17 வேண்டும் என்பதால் உங்களுக்கு இது ஒரு தடையாக இராது. கிராமர் கோப்பில் நீங்கள் எதையும் மாற்ற வேண்டியிருக்காது என்றே எதிர்பார்க்கிறேன். உள்ளே ஜாவா துண்டுகளைச் சொருகியிருந்தால் மட்டும் ஒருமுறை கண்ணை ஓட்டிப் பாருங்கள்.

ஜெனரேட் ஆன கோப்புகளை கிட் களஞ்சியத்தில் சேர்த்து வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள் என்பது என் கட்சி. அதற்கு எதிர்க்கட்சியும் உண்டு, கருவி இல்லாத இடத்திலும் பில்ட் ஓடும் என்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் களஞ்சியத்தில் உட்கார்ந்திருக்கும் கோப்பு எந்த வெர்ஷனில் பிறந்தது என்பது அதன் தலையில் உள்ள ஒரு கமென்ட் வரியில்தான் இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. ஒவ்வொரு பில்டிலும் ஜெனரேட் செய்து, கருவிக்கும் ரன்டைமுக்கும் ஒரே மாறியிலிருந்து எண்ணைக் கொடுத்தால் இந்த ஜோடி பிரிய வாய்ப்புக் குறையும். முழுக்கப் போகாது, மேலே சொன்ன மாதிரி இன்னொருவர் வந்து ரன்டைமை மட்டும் தூக்கலாம். அதனால் கூடவே ஒரு டெஸ்ட் போடுங்கள்: உண்மையான ஓட்ட நேரக் கிளாஸ்பாத்தில் ஒரு விதியைப் படித்துப் பார்க்கும் டெஸ்ட். பார்சர் கிளாஸ் லோட் ஆனாலே பாதிச் சோதனை முடிந்தது.

அந்த வெர்ஷன் எச்சரிக்கையைப் பற்றி ஒரு சுவாரசியம். ஜெனரேட் ஆன கோப்பின் தலைப்பில் வெர்ஷனைச் சரிபார்க்கும் ஓர் அழைப்பு இருக்கும், அதற்கு இரண்டு எண்கள் போகும். ஒன்று கருவியின் வெர்ஷன், சரமாகவே எழுதியிருக்கும். இன்னொன்று ரன்டைமில் உள்ள ஒரு மாறிலி. ஜாவா கம்பைலர் மாறிலிகளை அப்படியே நகலெடுத்து உள்ளே பதித்துவிடும் என்பதால், இரண்டாவது எண் கம்பைல் செய்தபோது இருந்த ரன்டைமின் எண்ணாகிவிடுகிறது. மூன்றாவதாக இப்போது ஓடுகிற ரன்டைமின் எண் அந்த மெத்தடுக்கே தெரியும். ஆக மூன்று காலங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறது. இவ்வளவு புத்திசாலித்தனமாகச் செய்துவிட்டு, கடைசியில் முணுமுணுப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அதுவும் முதல் இரண்டு எண்களை மட்டும் பார்த்து. 4.9.1-க்கும் 4.9.3-க்கும் வாயே திறக்காது.

முணுமுணுப்பு எவ்வளவு தூரம் பயன்படும் என்பதற்கு என் கதை ஒன்று. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் அறிக்கைகளுக்கான சூத்திர மொழி ஒன்று இருந்தது. அந்த எச்சரிக்கை வரி ஒன்றரை வருடமாக லாகில் வந்துகொண்டிருந்தது, எல்லோருக்கும் அது பழகிப்போயிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வேறொரு டீம் ஒரு லைப்ரரியை மேலேற்றியது. திங்கட்கிழமை காலை ‘கிளாஸ் கிடைக்கவில்லை’ என்ற பிழை மழையாகக் கொட்டியது. நாங்கள் அரை நாள் அந்த கிளாஸைத் தேடினோம். ஜாரைப் பிரித்துப் பார்த்தோம், உள்ளே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. டாக்கர் இமேஜைச் சந்தேகப்பட்டோம், பில்ட் சர்வரைச் சந்தேகப்பட்டோம். மதியம் ஒரு பெண், அணியில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து முதல் பிழையை மட்டும் பிடித்துக் காட்டினார். நடந்தது இதுதான்: ஏடிஎன்னை விரிப்பது கிளாஸின் ஸ்டேட்டிக் தொடக்கத்தில் நடக்கிறது. அங்கே தோற்றால் ஜாவா முதல் தடவை உண்மையான காரணத்தோடு ஒரு பிழை எறியும். அதற்குப் பிறகு அந்த கிளாஸைத் தொடும் ஒவ்வொருவருக்கும் ‘கிளாஸைத் தொடங்க முடியவில்லை’ என்கிற வேறு பிழை போகும், அதன் பெயர் மட்டும் பார்த்தால் ஃபைலே இல்லை என்பது போலிருக்கும். முதல் பிழை வார இறுதியிலேயே வந்து, லாக் சுழற்சியில் போய்விட்டிருந்தது. நீங்கள் எழும்பும்போதே விழுகிறீர்கள், அதனால் காரணம் கண்ணில் பட்டது. முதல் வாடிக்கையாளர் விதியை அனுப்பும்போதுதான் பார்சரைத் தொடுகிற சர்வீஸாக இருந்திருந்தால் இந்த அலைச்சல் உங்களுக்கும் வந்திருக்கும்.

இரண்டு பேரும் வளைய முடியாத நிலைமையும் உண்டு. உங்கள் சர்வீஸில், பெருந்தரவைக் கையாளும் ஸ்பார்க்கும் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பார்க் 3.4-ம் 3.5-ம் 4.9.3-ஐக் கேட்கும், ஹைபர்னேட் 6 அதற்கு மேலே கேட்கும். இரண்டு கிராமரும் உங்களுடையவை அல்ல. இங்கே ஷேடிங் ஒன்றுதான் வழி: ஒரு தரப்பின் ஜாரையும் அதன் ரன்டைமையும் சேர்த்து எடுத்து, பைட்கோடில் பேக்கேஜ் பெயரை மாற்றி எழுதி, புதுப் பெயரில் அடைத்துவிடுவது. ஜெனரேட் ஆன நிரல் ரன்டைமை சாதாரண கிளாஸ் குறிப்புகள் வழியாகவே கூப்பிடுகிறது, பெயரைச் சரமாக எழுதித் தேடுவதில்லை. அதனால் ஆன்ட்லரைப் பொறுத்தவரை ஷேடிங் சுத்தமாக வேலை செய்யும். ஆனால் ரன்டைமை மட்டும் பெயர் மாற்றி, ஜெனரேட் ஆன கிளாஸ்களை விட்டுவிட்டால் ஒரு பயனும் இல்லை. ஸ்பார்க் 4.0 வந்த பிறகு அது 4.13-க்கு நகர்ந்துவிட்டதால், இன்று இந்தச் சிக்கலில் இருப்பவர்கள் ஷேடிங்கில் இறங்கும் முன் அந்த மேலேற்றம் சாத்தியமா என்று பார்ப்பது நல்லது.

உங்கள் மொழியை ஒரு லைப்ரரியாகப் பிறருக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் மட்டும், முதலிலிருந்தே ஷேட் செய்துவிடுங்கள் என்பேன். உள்ளுக்குள் மட்டும் ஓடும் சர்வீஸுக்கு அது வீண் வேலை, டீபக் செய்யும்போது எரிச்சல்தான் மிஞ்சும். லைப்ரரிக்கு ஷேட் செய்வதானால் ஒரு நிபந்தனை: உங்கள் வெளிப்புற மெத்தட்கள் எதுவும் ரன்டைமின் வகைகளைத் திருப்பித் தரக்கூடாது. பார்ஸ் மரத்தின் கணுவை அப்படியே வெளியே நீட்டினால், பெயர் மாற்றிய கிளாஸ் வெளியே போய்ப் பயனரின் தலையில் விழும்.

ஷேட் செய்யாவிட்டாலும் அந்த நிபந்தனை நல்லதுதான், அதற்கு நினைவகக் காரணமும் உண்டு. பார்ஸ் மரத்தின் ஒவ்வொரு கணுவும் டோக்கன்களைப் பிடித்திருக்கும். ஒவ்வொரு டோக்கனும் தான் வந்த லெக்சரையும் (உரையை டோக்கன்களாக வெட்டும் பகுதி) முழு உள்ளீட்டையும் பிடித்திருக்கும். பிழைச் செய்தியில் பயன்படும் என்று ஒரே ஒரு கணுவை நீங்கள் கேஷில் வைத்தால், அந்த வாடிக்கையாளர் அனுப்பிய கோப்பு முழுவதும் அதோடு தொங்கிக்கொண்டு நிற்கும். இதை நான் ஹீப் டம்ப் பார்த்துத்தான் கற்றேன். மரத்தை நடந்து, உங்கள் சொந்த எளிய வகைகளாக மாற்றிக்கொண்டு, மரத்தை விட்டுவிடுங்கள். அப்புறம் என்றாவது ஆன்ட்லரையே கழற்றினாலும் மீதி நிரலுக்குத் தெரியாது.

புரொடக்ஷனில் கவனிக்க வேறென்ன என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். வேகம் பற்றி முதலில். டிஎஃப்ஏ கேஷ் ஸ்டேட்டிக்கானது, அந்த பார்சரின் எல்லா நகல்களுக்கும் பொது. பார்சர் நகலை இரண்டு திரெட்கள் பகிரக்கூடாது, ஆனால் ஜாவாவில் கேஷைப் பகிர்வது பாதுகாப்பானது. முதல் சில விதிகள் மெதுவாகவும், பிறகு வருபவை வேகமாகவும் படிக்கப்படுவதன் காரணம் இந்தக் கேஷ். எழும்பும்போது நாலைந்து மாதிரி விதிகளைப் படிக்கவிட்டுச் சூடேற்றுவது மலிவான வைத்தியம். அடிக்கடி குளிர்ந்து எழும் சர்வர்லெஸ் ஃபங்ஷனில் இந்தச் சூடு ஒவ்வொரு முறையும் வீணாகும். வேகம் போதவில்லையென்றால் முதலில் எளிய எஸ்எல்எல் முறையில் படித்து, அது தோற்றால் மட்டும் முழு எல்எல் முறைக்குப் போகும் இரண்டு கட்ட வழி இருக்கிறது. ஸ்பார்க்கே தன் எஸ்க்யூஎல்லை அப்படித்தான் படிக்கிறது. உங்கள் வடிகட்டி விதி இரண்டு வரி நீளம் என்றால் இதெல்லாம் தேவைப்படாது என்பது என் கணிப்பு, அளந்து பார்க்காமல் செய்யாதீர்கள்.

வேகத்தைவிட எனக்குக் கவலை தருவது பிழை கையாளும் விதம். ரன்டைமின் இயல்பான குணம் எப்படியாவது மீண்டு மேலே போவது. ஒரு டோக்கன் மிகையாக இருந்தால் தள்ளிவிடும், குறைந்தால் கற்பனையாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும். பிழையை ஸ்டாண்டர்ட் எரரில் எழுதிவிட்டு உங்களிடம் ஒரு மரத்தைக் கொடுத்துவிடும். எடிட்டருக்கு இது வரம், விதியை உண்மையில் ஓட்டப்போகும் சர்வருக்கு ஆபத்து. இயல்பாக வரும் எரர் லிசனரை நீக்கி, எக்ஸப்ஷன் எறியும் ஒன்றை லெக்சர், பார்சர் இரண்டிலும் மாட்டுங்கள். பார்சரில் மட்டும் மாட்டி லெக்சரை மறப்பது வழக்கம். தொடக்க விதியின் கடைசியில் இஓஎஃப் (உள்ளீட்டின் முடிவைக் குறிக்கும் டோக்கன்) போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். போடாவிட்டால், பார்சர் தனக்குப் புரிந்த பகுதியோடு திருப்தியாக நின்றுவிடும். ‘விலை 100-க்கு மேல்’ என்ற பாதியைப் படித்துவிட்டு ‘சென்னை மட்டும்’ என்ற மீதியை ஒரு பிழையும் சொல்லாமல் விட்டுவிட்டால், வாடிக்கையாளர் தன் அறிக்கையில் மதுரையையும் பார்ப்பார்.

உங்கள் விதிகளில் தமிழ்ப் பெயர்களும் வரக்கூடும் என்றால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். லெக்சரில் ‘யூனிகோட் எழுத்து’ என்ற பண்பை மட்டும் கொடுத்தால் தமிழ் உடையும். யூனிகோடின் கணக்கில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் எழுத்துகள் அல்ல, ஒட்டுக்குறிகள். ‘தமிழ்’ என்ற பெயரைப் படிக்கவிட்டால் ‘தம’ ஒரு டோக்கன், இகரக் குறி பிழை, ‘ழ’ ஒரு டோக்கன், புள்ளி பிழை என்று நாலாகப் பிளந்து தரும். எழுத்து என்ற பண்போடு குறி என்ற பண்பையும் சேர்க்க வேண்டும். முதல் இடத்தில் எழுத்து மட்டும், அடுத்து வரும் இடங்களில் இரண்டும். ‘ஆல்ஃபபெட்டிக்’ என்ற பண்பு போதும் என்று சிலர் சொல்வார்கள், அதில் புள்ளி அடங்காது. பிழை வந்த இடத்தை ரன்டைம் எண்ணுவதும் யூனிகோட் குறியீட்டு எண்களை வைத்துத்தான். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து. திரையில் அம்புக்குறி போட்டுக் காட்டுவதானால் அந்தக் கணக்கை நீங்கள்தான் மாற்ற வேண்டும். கோப்பைப் படிக்கும் பழைய கிளாஸ்கள் கணினியின் இயல்பான என்கோடிங்கை எடுத்துக்கொள்ளும். 4.7-ல் வந்த புதிய வழி யூடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளும், அதைப் பயன்படுத்துங்கள்.

பைத்தானிலும் இதே மொழியை ஓட்ட உத்தேசம் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே ஷேடிங் என்று ஒன்று கிடையாது, ஒரு சூழலில் ஒரு வெர்ஷன்தான். கான்ஃபிக் லைப்ரரியான ஒமேகாகான்ஃப் 4.9-ஐக் கேட்கும், கணித லைப்ரரியான சிம்பையின் லேடெக்ஸ் பார்சர் 4.11-ஐக் கேட்கும். இரண்டும் ஒரே சூழலில் வேண்டியவர்கள் படும் பாடு ஊரறிந்தது. அங்கே பிழைச் செய்தியில் ‘வெர்ஷன்’ என்ற சொல்லுக்குப் பிறகு எண்ணே இல்லாமல் வெற்றிடமாக இருப்பதையும் பார்க்கலாம். பழைய வடிவத்தில் அந்த 3 அச்சாகாத ஓர் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருந்ததுதான் காரணம். தவிர, பைத்தான் ரன்டைம் முழுக்கப் பைத்தானிலேயே எழுதப்பட்டது, ஜாவா வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

லைசன்ஸைச் சீக்கிரம் முடிக்கிறேன். ஆன்ட்லர் 4, மூன்று பிரிவு பிஎஸ்டி லைசன்ஸில் இருக்கிறது. உங்கள் நிரலைத் திறக்கச் சொல்லாது. ஜாரை யாருக்காவது விநியோகித்தால் பதிப்புரிமை அறிவிப்பை உடன் வைக்க வேண்டும், ஷேட் செய்து பெயர் மாற்றினாலும் அந்தக் கடமை போகாது. அறிவிப்புக் கோப்பு ஷேடிங்கில் தொலைந்துபோவது சகஜம், பார்த்துக்கொள்ளுங்கள். பைசனைப் பற்றிக் கேள்விப்பட்டு இந்தப் பயம் வந்திருந்தால், அது ஜிபிஎல் ஆனாலும் ஜெனரேட் ஆன பார்சருக்கென்று தனி விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். நான் வக்கீல் அல்ல, பெரிய ஒப்பந்தம் என்றால் உங்கள் சட்டக் குழுவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கம்பைலரான ஜிசிசியே தன் சி++ பார்சரை 3.4-ல் பைசனிலிருந்து கையால் எழுதியதற்கு மாற்றியது, நீங்களும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று இங்கே யாராவது நிச்சயம் எழுதுவார்கள். பத்துப் பன்னிரண்டு விதிகள் உள்ள மொழிக்கு அது கெட்ட யோசனை இல்லை, இந்த வெர்ஷன் தலைவலியே இருக்காது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை இதற்காகப் பிரித்துப்போட நான் சொல்லமாட்டேன், மறுபடி ஜெனரேட் செய்வது அரை மணி நேர வேலை. கிரேடில் என்றால் டிபெண்டன்சி இன்சைட் கட்டளையை ரன்டைம் ஜாரின் பெயரோடு ஓட்டுங்கள், மேவன் என்றால் டிபெண்டன்சி ட்ரீ. வரும் வெளியீட்டை இங்கே ஒட்டினால், ஹைபர்னேட் என்று நான் ஊகித்தது சரியா என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.